மூன்றாம் வரியில் ஒரு தட்டு குறைகிறது

நடன வகுப்பில் அவளுக்கு ஆஜர் அக்கா என்று பெயர். மூன்று வருடங்களில் ஒரு வகுப்பைக்கூட அவள் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, ஆசிரியையே வராமல் போனபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் குடையோடு நின்று படம் எடுத்து, தான் வந்துவிட்டதாக வகுப்புக் குழுவுக்கு அனுப்பினாள். அன்றைக்கு யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட.

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உட்கார வைத்து, சுவரில் எழுத்துகளைக் காட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்கும் வேலை. முப்பத்தாறு வயதில் ஒரு நாள், இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி ஃபிரேம் வாங்க வந்தாள். பத்துப் பதினைந்து ஃபிரேம்களைப் போட்டுப் பார்த்தும் திருப்தி இல்லை. கடைசியில், தான் நடனம் ஆடுகிறவள் என்றும், குதித்தால் நழுவாத ஃபிரேம்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கடை நடுவிலேயே நாலு குதி குதித்துக் காட்டினாள். ஃபிரேம் நழுவியது. ஆஜர் அக்காவின் மனசும் நழுவியது. அடுத்த சனிக்கிழமையே அந்தப் பெண்ணின் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளை அவள் 'டீச்சர்' என்றாள். டீச்சர் அவளை 'அக்கா' என்றாள். திட்டும்போதும் 'அக்கா' போட்டே திட்டினாள்.

வருடக் கடைசியில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் வகுப்பின் நிகழ்ச்சி நடக்கும். போன வருட நிகழ்ச்சியில் ஆஜர் அக்காவுக்குக் கிடைத்த இடம் கடைசி வரிசையின் இடது மூலை. திரைச்சீலை காற்றில் அசைந்தால் அவள் தெரிவாள், அசையாவிட்டால் இல்லை. அவளுடைய கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர், எதையும் பொறுமையாகக் காத்திருந்து பார்க்கப் பழகியவர். அவரே முக்கால் மணி நேரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி திரைச்சீலையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் டீச்சர் ஐந்து மாதம் முன்னாலேயே அறிவித்துவிட்டாள். ஆட்டத்தின் முடிவில் ஒரு ஜதி வருகிறது. பாட்டு நின்றுவிடும், வெறும் சொற்கட்டுக்குக் கால் மட்டும் பேச வேண்டும். மொத்தம் நான்கு வரி, வரிக்குப் பதினாறு தட்டு, அதுவும் மிக வேகமான மூன்றாம் காலத்தில். யாருக்குக் கால் சுத்தமாக விழுகிறதோ அவர்கள் முன்னால் நிற்கலாம்.

ஆஜர் அக்கா அன்றைக்கே முடிவெடுத்தாள். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சி. சமையல் கணவர் பொறுப்பு. முன்னறை நாற்காலிகள் சுவரோரம் போயின. படுக்கையறையிலிருந்து அலங்கார மேசையை இழுத்து வந்து கண்ணாடியை எதிரே நிறுத்தினாள். அதில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். தெரிந்த வரைக்கும் அவளுக்குப் பிடித்திருந்தது. பாட்டைப் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் ஆடுவாள். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஆறு வாரம் இப்படி ஆடியதில் மூன்று கிலோ குறைந்தாள். கணவர் மூன்று விதமாகக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். வகுப்பில் டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்து, உழைப்பு தெரிகிறது என்று மட்டும் சொன்னாள். வரிசை மாறவில்லை. இடது மூலை அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கதவிடுக்கில் சீட்டு ஒன்று கிடந்தது. 'மேல்வீட்டுக்காரருக்கு. உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். கீழ்வீடு.'

கீழ்வீட்டுக்கு ஒரு மாதம் முன்புதான் ஆள் வந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தனியாள். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறவர் என்று கட்டடத்தில் சொன்னார்கள். ஆஜர் அக்கா சீட்டை மூன்று தடவை படித்தாள். தினம் இரண்டு மணி நேரம் ஒருத்தர் தலைமேல் குதித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று கணவர் சொன்னார். அவளுக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக மெத்தை விரிப்பைப் போட்டு அதன்மேல் ஆடிப் பார்த்தாள். காலுறை போட்டு ஆடினாள், வழுக்கி அலங்கார மேசையோடு போய் ஒட்டிக்கொண்டாள். ஒரு வாரம் முழுக்கக் கீழ்வீட்டைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த ஒரு வாரம் அவள் நடந்த நடையைப் பார்த்திருந்தால் டீச்சர் முன்வரிசையே கொடுத்திருப்பாள்.

கடைசியில் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை, கதவு மூடப்போகிற நேரம், கீழ்வீட்டம்மா உள்ளே வந்துவிட்டார். ஒல்லியான உருவம், கழுத்தில் ஹெட்ஃபோன் மாலைபோலத் தொங்கியது. ஆஜர் அக்கா முந்திக்கொண்டு, விரிப்புப் போட்டிருப்பதாகவும் இன்னும் தடிமனாக ஒன்று வாங்கப்போவதாகவும் கடகடவென்று ஒப்பித்தாள்.

"சத்தத்தைப் பத்தி இல்லைம்மா," என்றார் அவர். "உங்க வீடு, உங்க காலு. ஆனா மூணாவது வரியில ஒரு தட்டு குறையுது."

ஆஜர் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மூன்றாவது வரி என்று கேட்டாள்.

"கடைசியில வேகமா பதினாறு பதினாறா தட்டுறீங்கல்ல, அதுல மூணாவது தடவை பதினஞ்சுதான் விழுது. பதினாலு வருது, பதினாறு வருது, நடுவுல ஒண்ணைக் காணோம். நான் கீபோர்டுல விரலை வச்சுக்கிட்டு அதுக்காகக் காத்துட்டே இருக்கேன். போன வாரம் ஒரு சாட்சி சொன்னது பாதி விட்டுப்போச்சு."

காதை மூடிக்கொண்டாலும் மேசை வழியாக வந்துவிடுகிறது என்றும், தன் பிழைப்பே விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் என்றும், தயவுசெய்து விரிப்புப் போட வேண்டாம், போட்டால் எண்ண முடியவில்லை என்றும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஆஜர் அக்கா வீட்டுக்கு வந்து பையை வைத்த வேகத்தில் இரண்டு தக்காளி உருண்டோடின. மூன்று வருடமாக ஆடுகிறவள் அவள். அவள் ஆடி ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தர், வெறும் கூரையைக் கேட்டுவிட்டு, கணக்குச் சொல்கிறார். கணவர் அடுப்படியிலிருந்தே பொங்கினார். அவங்களுக்கு நாட்டியத்தைப் பற்றி என்ன தெரியும், நீ பதினாறுதான் போடுகிறாய் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"நீங்க எண்ணியிருக்கீங்களா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் எப்பவும் உன் முகத்தைத்தானே பார்ப்பேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அன்றைக்குக் கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, கால் தெரியும்படி ஆடிப் படம் எடுத்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் வரி பதினாறு. இரண்டாவது பதினாறு. மூன்றாவதில், பதினான்காம் தட்டுக்குப் பிறகு, இடது கால் தட்டவே இல்லை. தட்ட வேண்டிய இடத்தில் அது பேசாமல் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் கழுத்து மட்டும் ஒயிலாக ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டைத் தன் தனி முத்திரை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அது எவ்வளவு அழகாக இருக்கும். திருடன் ஓடும்போது எதிர்ப்பக்கம் கையைக் காட்டுகிற ஆள் மாதிரி, கால் விட்டதைக் கழுத்து இத்தனை நாளாக மறைத்திருக்கிறது.

கணவர் அந்த இடத்தை மெதுவாக ஓட்டி, சரியாக மூடாத மின்தூக்கிக் கதவைப் பார்ப்பதுபோல நாலைந்து தடவை பார்த்தார்.

"இந்தக் கால் மேலதான் நீ மொத்தமா நின்னுட்டு இருக்கே," என்றார். "பாரம் ஏத்தின காலை எப்படித் தூக்குவே? மொதல்ல எடை அந்தப் பக்கம் போகணும்ல."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, ஆறு வாரம். ஐந்நூறு தடவை. ஐந்நூறு தடவை, ஒரு நாள்கூட விடாமல், தப்பை ஒழுங்காகப் பழகியிருக்கிறாள். இனி அது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் படத்தைக் காட்டினாள். டீச்சரின் முகம் சிவந்தது. கழுத்து நன்றாக இருந்ததால் தானும் காலைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"தினம் ரெண்டு மணி நேரம் டீச்சர்."

"எவ்வளவு நேரம்னு கேக்கலக்கா. எப்படின்னு கேட்டேன்."

அவள் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் செய்வது பயிற்சி இல்லை, தினம் பன்னிரண்டு நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்றாள். வருவதை ஆடி மகிழ்கிறீர்கள், வராத இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறீர்கள், ஜதிக்கு வந்து சேரும்போது கால் ஏற்கெனவே ஓய்ந்துவிட்டிருக்கிறது. இனி முதலில் தொடங்க வேண்டாம். மூன்றாம் வரியில் பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை, நாலே நாலு தட்டு. பாட்டு கூடாது, வாயால் சொல்லிக்கொண்டு, ஆமை வேகத்தில். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தப்பினால் அங்கேயே நிற்க வேண்டும், தொடரக் கூடாது. விடாமல் ஐந்து தடவை சரியாக வந்தால் ஒரு பிடி வேகம் கூட்டலாம். இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் என்றதும் ஆஜர் அக்காவுக்கு அவமானமாக இருந்தது. சோம்பேறிகளுக்குச் சொல்வது போல.

முதல் நாள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, அரைமண்டியில், அதாவது முழங்காலை விரித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், நாலு தட்டைத் தொடங்கினாள். மெதுவாக ஆடும்போது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பன்னிரண்டு தடவை முழுசாக ஆடியபோது வராத வியர்வை இருபது நிமிடத்தில் வந்தது. தொடை நடுங்கியது. இரண்டாம் நாள் எரிச்சல் வந்தது. முகம் இல்லை, பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, தை தத் தை தா என்று துணி துவைக்கிற மாதிரி அதையே அடிப்பது என்ன நடனம். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், ஒரே ஒரு தடவை ஆசைக்கு ஆடுவோம் என்று பாட்டைப் போட்டு முதலிலிருந்து பிடித்தாள். மூன்றாம் வரி வந்தது. கழுத்து வெட்டியது. உடனே தரைக்குக் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

துடைப்பக்கட்டைதான். கீழ்வீட்டம்மா கூரையைத் தட்டியிருக்கிறார். ஆஜர் அக்கா திகைத்துப்போய் அந்த இடத்தை மறுபடி ஆடினாள். மறுபடி 'டொக்'.

ஆத்திரத்தோடு படியிறங்கிப் போனவள், அரை மணி நேரம் கழித்து ஓர் ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தாள். தட்டு விட்டுப்போனால் ஒரு டொக். கீழ்வீட்டம்மா தன் வேலையை ஆறு மணிக்கு நிறுத்திவிட்டுத் தேநீரோடு கூரைக்கு அடியில் உட்காருவார். இரண்டாவது வாரம் இரண்டு டொக் கேட்டது. அது ஒப்பந்தத்தில் இல்லை. விசாரித்ததில், தட்டு விழுந்தது, ஆனால் மனசில்லாமல் விழுந்தது என்று பொருளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அலமாரிக்கு ஆணி அடித்தபோதும் இரண்டு டொக் வந்தது. அவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொஞ்சம் ஓங்கி அடித்தார்.

எடை மாறுவதுதான் பிடிபடவில்லை. பதினான்கில் வலது காலுக்குப் போக வேண்டிய உடம்பு, பழக்கதோஷத்தில் இடது பக்கமே சாய்ந்துகொண்டது. வேலை செய்யும்போதும் அதே நினைப்பு. ஒரு மதியம் வாடிக்கையாளர் ஒருவரை உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் காலை மாற்றி மாற்றி நின்று பார்த்தாள். அவர் நிதானமாக, சீராகப் படிக்கிறவர். நாலு எழுத்து ஒரு வரி. அவர் படிக்கப் படிக்க அவள் எடையை மாற்றினாள். இன்னொரு தடவை படிங்க என்றாள். படித்தார். இன்னொரு தடவை. ஏழாவது தடவையில் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் பார்வை அவ்வளவு மோசமாகிவிட்டதா என்று கேட்டார். எட்டாவது தடவையில் மூன்றாம் எழுத்துக்கு அவளுடைய இடது கால் இறகுபோல எழும்பித் தரையில் விழுந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அந்த மனிதர் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கைப்பேசியை எடுத்தார். அவரைச் சமாதானப்படுத்தி, பார்வை நன்றாக இருக்கிறது, பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் நாலு தட்டும் ஐந்து தடவை சரியாக வந்தன. வேகம் கூட்டினாள். வந்தது. இன்னும் கூட்டினாள். கீழே இருந்து சத்தமே இல்லை. பத்து நிமிடமாக இல்லை. கீழ்வீட்டம்மா ஊரில் இல்லை போலிருக்கிறது, நாம் இத்தனை நேரம் நம்மையே ஏமாற்றிக்கொண்டோம் என்று பயந்து இறங்கி ஓடினாள். அவர் தேநீர்க் கோப்பையோடு கதவைத் திறந்தார். ஏன் தட்டவில்லை என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அதான் வந்துடுச்சே," என்றார் அவர். "வந்ததுக்கு எதுக்குத் தட்டணும்?"

நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீச்சர் அவளை இரண்டாம் வரிசையில் நடுவே நிறுத்தினாள். யாரும் கை தட்டவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. பழைய மூலைக்கு வேறொருத்தி போனாள். ஆஜர் அக்கா மட்டும் வீட்டுக்கு வந்து, தான் நிற்கப்போகும் இடத்தைத் தாளில் வரைந்து, கணவர் எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று புள்ளி வைத்துக் காட்டினாள்.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிரம்பியிருந்தது. கீழ்வீட்டம்மாவும் வந்திருந்தார், கணவருக்குப் பக்கத்து நாற்காலியில். பாட்டு போய் ஜதி வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் பதினான்காம் தட்டுக்கு உடம்பு தானாக வலது பக்கம் போனது, பதினைந்தாவது தட்டு மேடைப் பலகையில் பளீரென்று விழுந்தது. பன்னிரண்டு பேர் காலுக்கு நடுவிலும் அது தன்னுடைய தட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. நாலாவது வரி நான்கிலும் சுலபமானது. சின்னப் பிள்ளைகளுக்கே வரும் என்று அவள் பல வாரமாகத் தொடாமலே விட்டிருந்தாள். அதில் மூன்றாம் தட்டைக் கோட்டைவிட்டாள்.

முன்பென்றால் கழுத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குப் போயிருப்பாள். நடந்ததும் தெரிந்திருக்காது. இப்போது விட்டது காதில் விழுந்தது. எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், இரண்டு தட்டு பேசாமல் நின்றாள், ஆறாவதில் மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். பதினாறில் எல்லோரோடும் சேர்ந்துதான் நின்றாள்.

முடிந்ததும் நடைபாதையில் கணவர் ஓடி வந்தார். முழுக்கப் படம் எடுத்திருப்பதாகவும், கை நடுங்கியதால் கொஞ்சம் பூகம்பம் மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். கீழ்வீட்டம்மா பின்னால் மெதுவாக வந்தார். ஆஜர் அக்கா அவர் வாயைத் திறக்கும் முன்பே, நாலாவது வரியில் மூன்று, நான்கு, ஐந்து போய்விட்டது, எனக்கே தெரியும் என்றாள்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மூன்றாவது வரி முடியும் வரைக்கும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். சரியாக வந்துவிட்டதே என்று நிம்மதியாகக் கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தாராம். அவர் முகத்தில் இன்னும் அந்தத் திகைப்பு இருந்தது.

"ஏம்மா, இதுல கையும் உண்டா?"

ஆஜர் அக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

"நாலு மாசமா காலைத்தானே கேட்டுட்டு இருந்தேன். கையெல்லாம் இவ்வளவு இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே. அதுல எது சரி எது தப்புன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அதுக்கு நீங்க வேற ஆள்தான் பார்க்கணும்."

ஒப்பனையைக் கலைத்துவிட்டு அந்தப் பக்கமாக வந்த டீச்சர் இதைக் கேட்டுவிட்டு நின்றாள். ஆஜர் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

"கையைப் பத்தி அடுத்த வருஷம் பேசலாம்னு இருந்தேன்க்கா," என்றாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஆஜர் அக்காவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. முன்னிருக்கையில் கீழ்வீட்டம்மா அசதியில் தூங்கிவிட்டார். அவள் தன் இடது கையை மடியில் நீட்டி, விரல்களைச் சேர்த்து, விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கை வலிக்கிறதா என்று கணவர் கேட்டார். வலி இல்லை, கட்டைவிரல் ஒட்டாமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூன்று வருடமாக யாருமே சொல்லவில்லை என்றாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் கையையும் பக்கத்தில் நீட்டி, விரல்களைச் சேர்த்து, இப்படியா என்று கேட்டார். அவருக்குச் சுத்தமாக ஒட்டியது. அவள் அந்தக் கையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள், இன்னொரு தடவை மெதுவாகச் செய்யுங்கள் என்றாள்.